போகியில் போடும் முன் ஒரு நிமிடம்



போகி நெருங்குகிறது. பரணிலிருந்து ட்ரங்குப் பெட்டியை இறக்கி, "இதெல்லாம் யாருக்கு வேணும்" என்று பழைய காகிதத்தைக் கட்டுக் கட்டாக வெளியே வைக்கிற நேரம். பாதி நெருப்புக்கு, மீதி பழைய பேப்பர் கடைக்கு. இந்தப் பதிவு அந்தக் காகிதத்தைப் பற்றியது. கொஞ்சம் நீளம். "சார் ஆரம்பிச்சுட்டார்" என்று சிரிப்பீர்கள், தெரியும். சிரித்துவிட்டுக் கடைசிவரை படியுங்கள். பரீட்சை வைக்க மாட்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் காலமான பிறகு அவருடைய கடிதம், நோட்டு, கணக்கு, கையெழுத்துப் பிரதி இவற்றை என்ன செய்வது என்பது அந்தக் குடும்பத்தோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை. ஊரின் வரலாறும் அதில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இருக்கிற நமக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். ஏன் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

எல்லிஸ் என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்கலாம். சென்னையில் கலெக்டராக இருந்தவர். திருக்குறளில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து உரை எழுதியவர். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு 40 ஆண்டுகள் முன்பே, 1816-ல், அச்சில் எழுதியவர். தமிழய்யாக்கள் இதைச் சொல்லியிருப்பார்கள். அவர் பொருளியல்காரர்களுக்கும் வேண்டியவர். நம் செங்கல்பட்டுச் சீமையில் நிலம் யாருடையது, மிராசு என்றால் என்ன, விளைச்சலில் யார் யாருக்கு என்ன பங்கு என்று அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு அவர் எழுதிய விரிவான பதில் 1818-ல் அச்சானது. இன்றும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

1819 மார்ச்சில் இராமநாதபுரம் போன இடத்தில் தவறுதலாக விஷத்தை உட்கொண்டு இறந்துபோனார். விலை போகிற சாமான்கள் மதுரையிலும் சென்னையிலும் ஏலத்துக்குப் போயின. காகிதங்களைக் கேட்க ஆளில்லை. அவை மதுரையில் ஓர் அதிகாரியின் வீட்டுச் சமையல்காரருக்கு அடுப்பு பற்றவைக்கவும் கோழி வாட்டவும் பல மாதம் உதவின என்று தான் கேள்விப்பட்டதைப் பின்னாளில் சர் வால்ட்டர் எலியட் எழுதி வைத்திருக்கிறார். தமிழைப் பற்றியும் தமிழ்நாட்டு நிலவுடைமையைப் பற்றியும் அன்றைக்கு மிக அதிகம் அறிந்திருந்த ஒரு வெள்ளைக்காரரின் வாழ்நாள் குறிப்புகள் கோழி வாட்டப் போய்விட்டன! சமையல்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அடுப்பு எரிய வேண்டும். அதன் மதிப்பு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாததுதான் குறை.

இனி நேர் எதிரான ஒரு மனிதர். தரம்பால். 1922-ல் உத்தரப் பிரதேசத்தில் பிறந்த காந்தியவாதி. பேராசிரியர் அல்ல, எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அறுபதுகளின் நடுவில் குடும்பத்தோடு லண்டன் போனவர், ஆங்கிலேயர் வருமுன் நம் ஊர்கள் எப்படி நடந்தன, வரி எவ்வளவு, பள்ளிக்கூடம் யார் நடத்தினார்கள் என்று அறிய இந்தியா ஆபீஸ் நூலகத்துக்கும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் நடையாய் நடந்தார். நகல் எடுக்கக் காசு வேண்டும், பல பழைய ஏடுகளை நகல் எடுக்கவும் முடியாது. ஆகவே பக்கம் பக்கமாகக் கையாலேயே எழுதிக்கொண்டார். பிறகு அவற்றைத் தட்டச்சு செய்ய வைத்தார். இந்தியா திரும்பியபோது அவரிடம் இருந்த பெரிய சொத்து, குறிப்புகள் நிறைந்த ட்ரங்குப் பெட்டிகளும் சூட்கேஸ்களும்தான். அந்தப் பெட்டிகளிலிருந்துதான் 1971-ல் 18-ஆம் நூற்றாண்டு இந்திய அறிவியல் பற்றிய நூலும், 1983-ல் "அழகிய மரம்" என்று பொருள்படும் தலைப்பில் நம் பழைய கல்வி முறை பற்றிய நூலும் வந்தன.

2006-ல் அவர் சேவாகிராமத்தில் காலமானார். அந்தக் காகிதங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகவில்லை. சேவாகிராமத்தில் தொகுதிகளாகத் திரட்டினார்கள். சென்னையில் உள்ள சென்டர் ஃபார் பாலிசி ஸ்டடீஸ் அவற்றைக் கணினியில் ஏற்றி எல்லாரும் பார்க்கும்படி செய்தது.

இதில் நமக்கு என்ன என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். நம் ஸ்ரீபெரும்புதூரும் அந்தச் சீமைதான். தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அங்கிருந்த சுமார் 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடு, அதில் குயவர் எத்தனை, தச்சர் எத்தனை, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி, தோப்பு, கோயில், விளைந்த நெல்லில் யாருக்கு எத்தனை கலம் என்று எல்லாம் பதிவாயின. இந்தக் கணக்குகள் மேல் ஆய்வாளர்களின் கண்ணைத் திருப்பியதில் தரம்பாலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆங்கிலச் சுருக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மூலமான தமிழ்க் கணக்கு ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து திருப்போரூர், வடக்குப்பட்டு என்ற இரண்டு ஊர்களின் கணக்கை 2001-ல் தனி நூலாகவே வெளியிட்டார்கள்.

அந்தக் கணக்கைப் பார்த்தால் ஓர் ஆச்சரியம். விளைச்சலில் கால் பங்குக்கு மேல், களத்திலேயே, ஊர்ப் பொதுக் காரியங்களுக்கும் ஊர் ஊழியர்களுக்கும் ஒதுக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கணக்கப்பிள்ளைக்கு இவ்வளவு, தலையாரிக்கு இவ்வளவு, வெட்டியானுக்கு இவ்வளவு, ஏரிக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு. எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. சாதி ஏற்றத்தாழ்வு அந்தக் கலக்கணக்கிலேயே தெரியும். ஆனால் 250 வருஷத்துக்கு முன் ஒரு குயவருக்கு ஓர் அறுவடையில் என்ன கிடைத்தது என்று இன்று எழுத்தில் பார்க்க முடிகிறது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அதற்கு முன் வாட்ஸ்அப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வார்த்தை. தரம்பால் பெயரைச் சொல்லி, "வெள்ளைக்காரன் வருமுன் இந்தியாவில் எல்லாரும் படித்திருந்தார்கள்" என்று ஒரு செய்தி வருஷத்துக்கு நான்கு முறையாவது என் போனுக்கு வருகிறது. "அதெல்லாம் கட்டுக்கதை, இங்கே பள்ளிக்கூடமே கிடையாது" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, மூலக் காகிதம். சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் ஒவ்வொரு கலெக்டரிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். வந்த பதில்களை வைத்து 1826-ல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941, பள்ளிகள் 12,498, மாணவர்கள் 1,88,650 என்று இருக்கிறது. 67 பேரில் ஒருவர் படிக்கிறார் என்கிறார் மன்றோ. வீட்டில் படிப்பவரையும் சேர்த்தால், படிக்கும் வயதுள்ள ஆண் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு வரை கல்வி பெறுகிறார்கள் என்பது அவர் கணிப்பு. பெண் பிள்ளைகள் மிக மிகக் குறைவு என்பதையும் அவரே சொல்கிறார்.

ஆக, "எல்லாரும் படித்தார்கள்" என்பதும் பொய், "யாரும் படிக்கவில்லை" என்பதும் பொய். இதை நானோ நீங்களோ உறுதியாகச் சொல்ல முடிவது, அந்தக் கலெக்டர்களின் பதில்களை யாரோ எறியாமல் வைத்ததாலும், தரம்பால் உட்கார்ந்து எழுதி எடுத்ததாலும், அவருடைய காகிதங்களை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் காப்பாற்றியதாலும்தான். தரம்பாலின் முடிவுகளை ஏற்காதவர்களும் உண்டு. அவர்களுக்கும் அதே காகிதம்தான் ஆதாரம். ஒருவரோடு சண்டை போடுவதற்குக்கூட அவருடைய குறிப்புகள் வேண்டும்.

பிளஸ் டூவில் ரிக்கார்டோவின் வாரக் கோட்பாட்டை உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். (எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது என்று கேட்கப் போவதில்லை.) அந்த ரிக்கார்டோவின் எழுத்துகள் முழுவதையும் பதிப்பிக்கும் வேலையைப் பியரோ ஸ்ராஃபா என்ற இத்தாலியர் 1930-ல் கேம்பிரிட்ஜில் தொடங்கினார். பொருளியல் சிந்தனை வரலாற்றில் அவ்வளவு கறாரான பதிப்பாசிரியர் அபூர்வம். அச்சுக்குப் போகிற நேரத்தில், 1943-ல், அயர்லாந்தில் டப்ளினுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஓர் உலோகப் பெட்டி கிடைத்தது. ரிக்கார்டோ தன் நண்பர் ஜேம்ஸ் மில்லுக்கு எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. ஜேம்ஸ் மில்லிடமிருந்து மகன் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கும், அவரிடமிருந்து கெய்ர்ன்ஸ் என்ற பொருளியலாளருக்கும் போய், அந்தக் குடும்பத்திலேயே தங்கிவிட்ட பெட்டி. கோத்த அச்சை எல்லாம் நிறுத்தி, திரும்ப வேலை செய்தார் ஸ்ராஃபா. தொகுதிகள் 1951-ல் வரத் தொடங்கி, பதினொன்றாவதும் கடைசியுமான தொகுதி 1973-ல் வந்தது. ஸ்ராஃபா இறந்ததும் அவருடைய காகிதங்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போயின. அடுத்தவர் பெட்டியை ஆராய்ந்தவரின் பெட்டியை இன்று வேறு பேர் ஆராய்கிறார்கள். காகிதத்தின் பயணம் அப்படித்தான்.

இது ஏதோ சீமைக் கதை என்று விட வேண்டாம். ஜேம்ஸ் மில் 1819 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ரிக்கார்டோவின் வாரக் கோட்பாட்டை நம் நிலவரியோடு இணைத்துப் பேசியவர். லண்டனில் இரண்டு நண்பர்கள் கடிதத்தில் பேசிக்கொண்ட கருத்து எப்படி இங்கே ரெவின்யூ உத்தரவாக வந்து விழுந்தது, பஞ்ச காலத்தில் தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்ற எண்ணம் எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று தேடிக் கண்டு எழுதியவர் ஒரு தமிழர். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பொருளியல் பேராசிரியராக இருந்த எஸ். அம்பிராஜன். 1978-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அவருடைய நூல், பொருளியல் சிந்தனை வரலாற்றில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. கோப்புகளும் கடிதங்களும் இல்லாமல் அதில் ஒரு அத்தியாயம்கூட எழுதியிருக்க முடியாது.

நம் ஜே.சி. குமரப்பாவும் உண்டு. தஞ்சையில் 1892-ல் பிறந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, காந்தியோடு சேர்ந்து, கடைசிக் காலத்தைக் கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30-ல் மதுரையில் மறைந்தவர். அவருடைய காகிதங்கள் டெல்லியில் நேரு நினைவு நூலகமாக இருந்த இடத்தில் இருக்கின்றன. பத்திரமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் கல்லுப்பட்டிப் பெரியவரைப் படிக்க மதுரைப் பிள்ளை டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறதே என்ற வருத்தமும் எனக்கு உண்டு. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம் பொருளியலாளர்களின் காகிதங்களுக்கென்றே ஒரு காப்பகம் வைத்திருக்கிறது. சாமுவேல்சன், ஆரோ போன்றவர்களின் பெட்டிகள் அங்கே இருக்கின்றன. அப்படி ஒன்று தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்திலாவது இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பேராசிரியர் ஓய்வு பெறும்போது பொன்னாடை போர்த்துகிறோம். அதோடு "சார், உங்கள் நோட்டுகளை நூலகத்துக்குக் கொடுங்கள்" என்றும் கேட்டால் என்ன?

சரி, நம் ஊருக்கு வருவோம். குயவருக்குக் கிடைத்த நெல்லை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா?

இருங்காட்டுக்கோட்டையில் 1996-ல் ஹூண்டாய்க்கு அடிக்கல் போட்டார்கள், 1998-ல் கார் வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா வந்தது. 2014 நவம்பர் 1-ல் மூடியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிசான், பிறகு டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம். ஏரிப்பாசன ஊர்கள் ஒரு தலைமுறைக்குள் உலகச் சந்தைக்குப் பொருள் செய்கிற ஊர்களாக மாறிவிட்டன. என் மாணவர்களில் பலருக்கு இதுதான் வாழ்க்கை.

இந்த மாற்றத்தை நூறு வருஷம் கழித்து ஒருவர் எழுத உட்கார்ந்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? கம்பெனியின் ஆண்டறிக்கை கிடைக்கும். அரசின் ஒப்பந்த அறிவிப்பு கிடைக்கும். அமைச்சர் ரிப்பன் வெட்டிய போட்டோ கிடைக்கும். ஆனால் சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வந்த நோட்டீஸ்? அந்தப் பணத்தில் என்ன வாங்கினார்கள், என்ன விற்றார்கள் என்ற வீட்டுக் கணக்கு? காண்ட்ராக்டில் சேர்ந்த பெண்ணின் முதல் பே ஸ்லிப்? ஹாஸ்டல் விதிமுறைத் தாள்? நோக்கியா மூடியபோது கையில் கொடுத்த கடிதம்? சங்கத்தின் நோட்டீஸ்? அவை யாரிடம் இருக்கின்றன? உங்களிடம்தான். பரணில், பீரோவின் அடித்தட்டில், பிளாஸ்டிக் கவரில்.

1767-ல் ஒரு குயவரின் பங்கு எழுத்தில் நின்றது. 2007-ல் லைனில் நின்று செல்போன் பூட்டிய பெண்ணின் பங்கு எழுத்தில் நிற்காமல் போனால், அது நம் தலைமுறைக்கு அவமானம். அந்தப் பெண் என் வகுப்பில் படித்தவளாகவும் இருக்கலாம்.

இப்போது பே ஸ்லிப் ஆப்பில் வருகிறது. வேலையை விட்டதும் லாகின் போய்விடும், ஸ்லிப்பும் போய்விடும். ஓலை 250 வருஷம் தாங்கியது. போன் மூன்று வருஷம் தாங்கினால் பெரிது.

"சார், நாங்கள் என்ன பெரிய மனிதர்களா, எங்கள் காகிதம் யாருக்கு வேண்டும்?" என்பீர்கள். 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களிடம், உங்கள் ஊர்களுக்குப் போய்க் கணக்கெடுத்து எழுதி வாருங்கள் என்றார். யாருக்குக் கடன் எவ்வளவு, கூலி என்ன, சாப்பாடு என்ன என்று பிள்ளைகள் எழுதினார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தூசியும் அதில் ஓர் ஊர். 1918-ல் புத்தகமாக வந்தது. 1936-37-ல் அதே ஊர்களுக்குப் போய் மறுபடி கணக்கெடுத்தார்கள். இன்றும் தென்னிந்தியக் கிராமப் பொருளாதாரம் பற்றி எழுதுகிறவர்கள் அந்த மாணவர்களின் பக்கங்களிலிருந்து தொடங்குகிறார்கள். அவர்களில் யாரும் அன்று பெரிய மனிதர் இல்லை, உங்களைப் போல இருபது வயதுப் பிள்ளைகள்.

"இடம் எங்கே சார்?" என்பது நியாயமான கேள்வி. இரண்டு அறை வீட்டில் தாத்தாவின் பெட்டிக்கு இடம் கேட்டால் மருமகள்களுக்குக் கோபம் வரும். எல்லாவற்றையும் வைக்கச் சொல்லவில்லை. மின்கட்டண ரசீது இருபது வருஷத்துக்கு வேண்டாம். கல்யாணப் பத்திரிகை மலைபோல வேண்டாம். எதை வைப்பது என்று ஒரு சின்னப் பட்டியல் தருகிறேன்.

1. கையால் எழுதியது எதையும் உடனே எறியாதீர்கள். நாட்குறிப்பு, வீட்டு வரவு செலவு நோட்டு, கடிதம், பாடக்குறிப்பு.

2. பழைய கணக்கப்பிள்ளை குடும்பங்கள் நம் உறவிலேயே உண்டு. 1980-ல் அந்தப் பதவி போன பிறகு பல வீடுகளில் பழைய அடங்கல் பிரதி, ஏரி மராமத்துக் கணக்கு, ஓலைக்கட்டு அப்படியே கிடக்கின்றன. அவற்றில் கை வைக்குமுன் எனக்கு ஒரு போன்.

3. முதல் ஆஃபர் லெட்டர், முதல் பே ஸ்லிப், ஐ.டி. கார்டு, வேலையை விட்ட கடிதம், நில நோட்டீஸ், சங்க நோட்டீஸ். ஒரு ஃபைல் போதும். ஆப்பில் இருப்பதை இப்போதே இறக்கி அச்செடுத்து வையுங்கள்.

4. லேமினேஷன் வேண்டாம், செல்லோ டேப் ஒட்ட வேண்டாம், இரண்டும் காகிதத்தைக் கெடுக்கும். தரையில் வைக்காதீர்கள், கரையான் வரும். போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் மெல்ல பெயரும் வருஷமும் எழுதுங்கள்.

5. கட்டைப் பிரித்து உங்கள் இஷ்டத்துக்கு அடுக்காதீர்கள். வைத்தவர் எந்த வரிசையில் வைத்தாரோ அதுவே ஒரு தகவல்.

6. உயிரோடு இருப்பவரின் அந்தரங்கம், வங்கி எண், ஆதார் எண் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். காப்பகத்துக்குக் கொடுக்கும்போது "இன்ன வருஷம் வரை திறக்கக் கூடாது" என்று நிபந்தனை போடலாமா என்று கேளுங்கள். உலகமெங்கும் அப்படிச் செய்கிறார்கள், நாமும் கேட்கலாம்.

கொடுக்க இடம் இல்லாமல் இல்லை. எழும்பூரில் 1909-ல் கட்டிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அதன் கதையே ஒரு பாடம்தான். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா செட்டியார், நோட்டீஸ், பத்திரிகை, கடிதம் என்று கிடைத்ததெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, கப்பலில் ஏற்றாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-ல் நூலகமாகத் திறந்தது. உலகத்திலிருந்து ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள். ஊரார் குப்பை என்று நினைத்ததைத் தேடித்தான் வருகிறார்கள்.

ஆனாலும் எல்லாம் சென்னைக்கே போக வேண்டுமா? காஞ்சிபுரம் மாவட்ட நூலகத்திலோ, ஸ்ரீபெரும்புதூர்க் கிளை நூலகத்திலோ ஓர் அறை, நான்கு இரும்பு அலமாரி, ஒரு ஸ்கேனர், பயிற்சி பெற்ற ஓர் ஆள். இவ்வளவுதான் கேட்கிறேன். இத்தனை தொழிற்சாலைகள் சமூகப் பொறுப்பு நிதியில் பள்ளிக்குப் பெஞ்சு வாங்கித் தருகின்றன, நல்ல காரியம். ஓர் ஆவண அறைக்கும் அதிலிருந்து கொடுக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும். எந்தக் காகிதம் உள்ளே வரலாம் என்று முடிவு செய்கிற அதிகாரம் பணம் கொடுத்தவரிடம் இருக்கக் கூடாது. நிர்வாகத்தின் அழைப்பிதழும் தொழிலாளியின் மெமோவும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டும்.

இதற்காக மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு தயார் செய்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் கீழே பெயர், படித்த வருஷம், இப்போது இருக்கும் ஊர் எழுதுங்கள். வீட்டில் பழைய பெட்டி இருப்பவர்கள் பொதுவில் எழுத வேண்டாம், தனியே செய்தி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருக்கிறேன். வந்து சேர்ந்து பார்க்கலாம், கண்ணாடி நான் கொண்டு வருகிறேன், ஸ்கேன் செய்ய உங்கள் போன் போதும்.

அனைவருக்கும் போகி, பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் பொருளியல் வாத்தியார்